நெல்லைச் சீமையில் முதல் வீட்டுக்கு வங்கிக் கடன் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

சம்பளச் சீட்டு வாங்குகிற அரசு ஊழியருக்கோ ஆசிரியருக்கோ வீட்டுக் கடன் கிடைப்பது இப்போது பெரிய காரியமில்லை. பீடி சுற்றும் பெண்கள், லோடு ஆட்டோ ஓட்டுபவர்கள், கொத்தனார்கள், வீரவநல்லூர்த் தறிக்காரர்கள், பத்தமடையில் பாய் முடைபவர்கள், தெருவோரத்தில் காய்கறிக் கடை போட்டிருப்பவர்கள் ஆகியோர்தாம் வங்கி வாசலில் தயங்கி நிற்கிறார்கள். இவர்களில் பலருக்கு மாதத் தவணை கட்டும் வருமானம் இருக்கிறது. அதைக் காட்டும் காகிதந்தான் இல்லை. அந்தக் காகிதம் இல்லாத காரணத்தாலேயே குறைந்த வட்டி தரும் வங்கியை விட்டுவிட்டு, வீடு தேடி வரும் நிதி நிறுவனத்திடம் கூடுதல் வட்டிக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 15 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கெடுவில் 8.5 விழுக்காடு வட்டிக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 13,017 ரூபாய். அதே தொகையை 13 விழுக்காட்டுக்கு வாங்கினால் 17,574 ரூபாய். இருபது ஆண்டுகளில் வித்தியாசம் பத்தே முக்கால் லட்சத்தைத் தாண்டுகிறது. ஆறு மாதமோ ஓராண்டோ பொறுத்து, காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு வங்கிக்குப் போவதற்குக் கிடைக்கும் கூலி இது. ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகளை அதே வரிசையில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலானோர் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அதன்பிறகே கடனுக்கு அலைகிறார்கள். அந்த வரிசை பலரை அட்வான்ஸ் பணத்தை இழக்க வைத்திருக்கிறது.

முதல் வேலை: வருமானத்தை எழுத்தில் கொண்டுவருதல்

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெண்ணையும், லோடு ஆட்டோ ஓட்டும் அவர் கணவரையும் எடுத்துக்கொள்வோம். மனைவியின் கூலி பீடிக் கம்பெனியின் பாஸ்புக்கில் வாரவாரம் பதிவாகிறது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் அவருக்கு உண்டு. கணவருக்கு ஒவ்வொரு நாளும் கையில் ரொக்கம் வருகிறது; அன்றைக்கே டீசலுக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விடுகிறது. இருவரும் சேர்ந்து மாதம் முப்பதாயிரம் சம்பாதித்தாலும், வங்கி அதிகாரியின் கண்ணில் படுவது மனைவியின் பாஸ்புக்கில் உள்ள தொகை மட்டுமே.

இவர்கள் செய்ய வேண்டியது இது. கணவர் தம் வாடகைப் பணத்தில் முடிந்தவரை யுபிஐ வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும். மீதி ரொக்கத்தை வாரம் ஒரு முறையாவது தம் சேமிப்புக் கணக்கில் போட்டு, செலவுக்கு அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஓராண்டு இப்படி ஓடினால் அந்தக் கணக்கு அறிக்கையே வருமானச் சான்று ஆகிவிடும். வண்டியின் ஆர்.சி. புத்தகம், பெர்மிட், வண்டிக் கடன் இருந்தால் அதைத் தவறாமல் கட்டிய விவரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான தாக்கல் கையில் இருந்தால் வங்கியில் நிற்கும் தோரணையே மாறிவிடும். அவசரமாக ஒரே நாளில் மூன்று ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துகொண்டு போனால் அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மனைவி தம் வருங்கால வைப்பு நிதியின் இருப்பையும், தம் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி அங்கே பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு வாங்கவோ கட்டவோ அந்த நிதியிலிருந்து பணம் எடுக்க விதிகளில் இடம் உண்டு. கைப்பணம் போதாத குடும்பத்துக்கு அது பெரிய துணை.

இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் இருவர் வருமானமும் சேரும். பொதுவாக, ஏற்கெனவே கட்டிவரும் தவணைகளையும் புதிய தவணையையும் சேர்த்தால் வருமானத்தில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று வங்கிகள் பார்க்கும். முப்பதாயிரம் வருமானமுள்ள இந்தக் குடும்பம் பதினைந்தாயிரத்துக்கு மேல் தவணை கேட்கும் கடனைத் தேடக் கூடாது. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் உள்ள வீட்டில் அதையும் பன்னிரண்டாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது வேலை: குழுக் கடன்களைச் சரிசெய்தல்

நம் மாவட்டத்தில் வீட்டுக் கடன் விண்ணப்பங்கள் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் முக்கூடல் பக்கத்திலும் ஒரே பெண்ணின் பெயரில் மூன்று, நான்கு குழுக் கடன்கள் இருப்பது சாதாரணம். அவற்றில் சில தம் தேவைக்கு வாங்கியவை. சில அக்காவுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ தம் பெயரில் வாங்கிக் கொடுத்தவை. வாங்கிக் கொடுத்த கடனை அவர்கள் கட்டாமல் விட்டால், கடன் வரலாற்றில் கறுப்பு விழுவது பெயர் கொடுத்தவருக்கே. நகைக் கடனும் அந்த வரலாற்றில் ஏறும். ஏலத்துக்குப் போன நகையும் ஏறும்.

இந்தியாவில் கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுக் கடன் வாங்கியவர்கள் சிபில் அறிக்கையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் ஹைமார்க் அறிக்கையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அறிக்கை கையில் வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைக்காமல், ஒவ்வொரு கடனுக்கும் நேரே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். முழுவதும் கட்டி முடித்த கடன் ‘க்ளோஸ்ட்’ என்று இருக்க வேண்டும். ‘செட்டில்ட்’ என்று இருந்தால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டினீர்கள் என்று பொருள். வங்கிகள் அதை நல்ல அடையாளமாகக் கொள்வதில்லை. மீதித் தொகையைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, பதிவைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். தவறான பதிவு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் செய்யலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. ‘சிபிலை ஏற்றித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இதுவரை கடனே வாங்காதவர்கள் மதிப்பெண் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதல் முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் வாய்மொழியாக ‘முடியாது’ என்று சொன்னால், மறுப்பை எழுத்தில் காரணத்தோடு தரும்படி பணிவாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது வேலை: மனையின் காகிதங்களைப் பார்த்தல்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரிடம் தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை எல்லாவற்றின் நகலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடைமானம் போன்றவற்றின் பட்டியலை, கட்டணமின்றிப் பார்க்கலாம். வங்கிகள் பொதுவாக முப்பது ஆண்டு வில்லங்கமாவது கேட்கும். பார்க்கும்போது சர்வே எண்ணும் உட்பிரிவும் நான்கு எல்லையும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். பழைய அடைமானம் ஒன்று பதிவாகி, அதைத் தீர்த்ததற்கான ரசீது பதிவாகாமல் கிடப்பது இங்கே அடிக்கடி காணப்படுவது. கடன் எப்போதோ அடைந்திருக்கும். ரசீதைப் பதிய மறந்திருப்பார்கள். அந்த ஒரு வரி போதும், வங்கியின் வழக்கறிஞர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பட்டாவும் சிட்டாவும் விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், வாரிசுச் சான்று பெற்றுப் பட்டா மாற்றிய பிறகே விலை பேச வேண்டும். வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட வீடுகள் பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் பழைய தெருக்களில் நிறைய உண்டு. அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக இருந்தாலும் வங்கிக்குப் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ வேண்டும்.

ஊர்க் குடியிருப்புக்கென்று விடப்பட்ட கிராம நத்தம் நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் இருக்காது. நத்தம் பட்டா மட்டுமே இருக்கும். சில வங்கிகள் இதை ஏற்கும், சில ஏற்காது. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே கிளையில் இதை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவை எத்தனை ஆண்டு பழமையானவையோ அவ்வளவுக்கு அவை உதவும்.

மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாத பிளாட்டைப் பொறுத்தவரை, 2016 அக்டோபர் 20 என்ற தேதி முக்கியமானது. அந்த நாளுக்கு முன் விற்றுப் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகளைக் கொண்டுவந்தது. வரன்முறை ஆணை இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது மிகவும் கடினம். நகரைச் சுற்றிப் புதிது புதிதாகப் பிரிக்கப்படும் மனைகளில் நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) அங்கீகார எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவென்றால் ரெரா எனப்படும் மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டும். விளம்பரப் பலகையில் ‘டிடிசிபி அப்ரூவ்ட்’ என்று எழுதியிருப்பது சான்று ஆகாது.

தாமிரபரணிப் பாசன நாட்டில் இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும் நிலத்துக்கு எந்த நாளும் கடன் கிடைக்காது. கோயில் நிலத்துக்கும் வக்ஃபு நிலத்துக்கும், பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கும் அப்படியே. பதிவேடு சுத்தமாக இருந்தாலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் அந்த மனையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் முடிவு செய்ய வேண்டாம். இருபது ஆண்டு தவணை கட்டப்போகும் இடம் அது.

நான்காவது வேலை: கைப்பணத்தைக் கணக்கிடுதல்

30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரையே கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 20 லட்சத்துக்கு வீடு வாங்கினால் பத்து விழுக்காடு பங்கு 2 லட்சம், பத்திரச் செலவு 1.80 லட்சம், அதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுப் பொறியாளர் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரங்களை வங்கியில் ஈடாக ஒப்படைத்ததைப் பதியும் எம்.ஓ.டி. செலவு. நாலரை லட்சம் கையில் இல்லாமல் இறங்கக் கூடாது. சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 10 லட்சம் வரை மதிப்புள்ளவற்றுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பு 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று தரகர் சொல்வார். பத்திரத்தில் குறைந்தால் கடனும் குறையும். மீதியை ரொக்கமாகப் புரட்டும் சுமை வாங்குபவர் தலையில் விழும். அட்வான்ஸையும் வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். நிலம், வீடு வகையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. உடன்படிக்கையில் ‘வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். விற்பவர் மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே மேல்.

ஐந்தாவது வேலை: எந்த வாசலில் முதலில் கேட்பது

சேமிப்புக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளையில் தொடங்க வேண்டும். மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் குறைந்த ஊர்களில் 35 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வங்கிகள் கட்டாயமாக எட்ட வேண்டிய முன்னுரிமைக் கடன் இலக்கில் சேரும். நெல்லை மாநகரமும் அந்த வகைக்குள்தான் வருகிறது. ஆகவே சிறிய கடன் கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். அந்தக் கடன் கிளைக்கும் வேண்டியதே.

அடுத்து, 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பழைய பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019இல் இணைந்து உருவான தமிழ்நாடு கிராம வங்கி. திருநெல்வேலி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. கூட்டுறவு வங்கியில் ஊர் நிலவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நத்தம் வீடு, பழைய வீட்டைப் புதுப்பித்தல் போன்றவற்றுக்கு அங்கே கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மூன்று கிளைகளிலாவது பேச வேண்டும். பேசும்போது விண்ணப்பம் கொடுத்துவிடாமல் விவரம் மட்டும் கேட்டு வர வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதியும்.

கிளைகள் இழுத்தடித்தால், மாவட்டத்துக்கு ஒருவராக இருக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பார்க்கலாம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தாலும் அது உரிய அலுவலருக்குப் போகும்.

வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் கடைசி வாசல். அவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கடைக்கே வந்து வியாபாரத்தைப் பார்த்து வருமானத்தை மதிப்பிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. வேறு யாரும் கொடுக்காத குடும்பங்களுக்கு அவை கொடுத்திருக்கின்றன. ஆனால் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு வட்டியை இணைக்க வேண்டும் என்று 2019 அக்டோபர் முதல் வங்கிகளுக்கு இருக்கும் கட்டாயம் இவற்றுக்கு இல்லை. அங்கே வாங்கினாலும் இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் வாங்கக் கூடாது.

அரசு உதவிகள்

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் எவருக்கும் நாட்டில் எங்கும் நல்ல வீடு இருக்கக் கூடாது. வீட்டு மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு என்ற கணக்கில், அதிக அளவாக 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் வரவாகும். பேரூராட்சிகளும் நகர்ப்புறக் கணக்கில் சேர்வதால் முக்கூடல், வீரவநல்லூர், பத்தமடை, திசையன்விளைக்காரர்களும் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போதே வங்கியில் சொல்லிவிட வேண்டும்.

ஊராட்சிகளில் குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் கிடைக்கும். இது கடன் அன்று; தகுதியுள்ளவர்கள் கடனை நினைப்பதற்கு முன் ஒன்றிய அலுவலகத்தில் இதை விசாரிக்க வேண்டும். சொந்த மனையில் கட்டுபவர்கள், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை கட்ட, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையவழியாகவே வரைபட அனுமதி பெறலாம். அனுமதி இல்லாமல் கடன் இல்லை.

கையெழுத்துப் போடும் நாள்

2024 அக்டோபர் முதல், கடன் தருபவர் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது வட்டியையும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்துக் காட்டும் ஆண்டுச் செலவு விகிதம். இரண்டு இடத்துக் கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண்ணே போதும். அடுத்து, காப்பீட்டுக் கட்டணம் என்று ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ கடனோடு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயுள் காப்பீடு எடுப்பது நல்லதே. ஆனால் அவர்கள் காட்டும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதாத வெற்றுப் படிவத்திலோ தேதியில்லாத காசோலையிலோ கையெழுத்துப் போடக் கூடாது.

வீடு கட்டக் கடன் வாங்கினால் பணம் ஒரே தடவையில் வராது. பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு என்று வேலை முடிந்த அளவுக்குப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே அடுத்த தவணை வரும். கொத்தனாரோடு பேசும் ஒப்பந்தமும் அதே வரிசையில் இருந்தால் வேலை நடுவில் நிற்காது.

ஒப்படைத்த மூலப்பத்திரங்களின் பட்டியலைக் கிளையின் முத்திரையோடு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் தகராறு வந்தால் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு எழுத வேண்டும். கடன் முழுவதும் அடைந்த முப்பது நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், அவர்கள் தரப்புத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணத்தைப் பதிந்து, ஒரு வாரம் கழித்து வில்லங்கம் எடுத்து, அடைமானம் தீர்ந்த பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.